வறுத்த மாவில் வந்த புழு

ஒரு ஆவணி மாதக் காலையில் அந்தப் படம் என் போனுக்கு வந்தது. எவர்சில்வர் தட்டில் கொட்டிய சத்துமாவு. நடுவில் மஞ்சளோடிய வெள்ளையில் ஒரு புழு. பெரிதாக்கிப் பார்த்தால் வால்முனையில் இரண்டு சின்னக் கொம்புகள் தெரிந்தன. அனுப்பியவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். கூடவே ஒரு குரல் பதிவு: "எட்டு மாசக் கொழந்தைக்குக் காய்ச்சலாம்னு கொட்டுனேனுங்க. இதுக்கு முன்னாடி குடுத்ததுலயும் இருந்திருக்குமோன்னு பயமா இருக்குங்க." குரல் நடுங்கியது.

சேலத்தில் சீலநாயக்கன்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஆலையில் 16 வருடமாகத் தரப் பொறுப்பில் இருக்கிறேன். சத்துமாவு, கேழ்வரகு மாவு, மசாலாப் பொடிகள் செய்கிறோம். அன்று அந்தப் பெண்ணை உடனே கூப்பிட்டேன். அந்தப் புழுவுக்கு நஞ்சு கிடையாது, குழந்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள், அந்தப் பாக்கெட்டை எறியாமல் எனக்குக் கொடுங்கள் என்றேன். மறுநாள் பஸ் ஏறிப் போய் நானே வாங்கி வந்தேன். அந்தப் பாக்கெட்டிடம் கேட்க எனக்கு நிறையக் கேள்விகள் இருந்தன.

அப்போது எங்களுக்குப் பூச்சி மருந்து போட்டுக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் விஷயத்தைக் கேட்டதும் ஒரே வரியில் முடித்துவிட்டார். "குடோன்ல தானியத்துல இருக்கு மேடம், மாத்திரை போட்டுருவோம்." போட்டார். அடுத்த மாதம் இன்னொரு புகார் வந்தது, மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சத்துமாவில் போகிற கேழ்வரகு, கம்பு, கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாமே வறுபட்டுத்தான் அரவைக்குப் போகிறது. 60 டிகிரிச் சூட்டைச் சில நிமிடம்கூடத் தாங்காத பூச்சி, வறுக்கும் டிரம்மில் 100 டிகிரிக்கு மேல் புரண்ட தானியத்துக்குள் எப்படி உயிரோடிருக்கும்? முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று எந்த நிலையில் இருந்தாலும் டிரம்மிலேயே அதன் கதை முடிந்திருக்கும். அப்படியானால் அது வறுத்த பிறகு வந்தது. நாங்கள் மூன்று தடவை மருந்து போட்டதோ வறுப்பதற்கு முந்தைய குடோனில்.

பாக்கெட்டில் அரைத்த தேதி இருந்தது. படம் வந்த நாளுக்குச் சரியாக 24 நாள் முந்தையது. வால்முனைக் கொம்புகளை வைத்தே அது மாவு வண்டின் புழு என்று தெரிந்துகொண்டேன். சேலத்துச் சூட்டில் மாவு வண்டின் முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். அதற்குப் பிறகு மூன்று வாரத்தில் புழு முழு வளர்ச்சிக்கு வந்துவிடும். தட்டில் இருந்தது முழுதாக வளர்ந்த புழு, கால் அங்குலம் இருக்கும். அரைத்த நாளன்றோ அதை ஒட்டியோ முட்டை மாவுக்குள் விழுந்திருக்கிறது. ஆறவைக்கும் தொட்டி, அங்கிருந்து தானியத்தை மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டர், அரவை மிஷின், சல்லடை, பேக்கிங் ஹாப்பர். இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆலையை நிறுத்தி எங்கள் ஃபிட்டர் அண்ணனோடு உட்கார்ந்தேன். எலிவேட்டரின் அடிப்பெட்டியை மெக்கானிக்குகள் பூட் என்பார்கள். அதன் பக்கத் தகட்டை ஆறு போல்ட்டுகள் பிடித்திருந்தன. இரண்டு துருவேறி அசையவே இல்லை. அதைக் கழற்றி எத்தனை வருடமாயிற்று என்று அவரைக் கேட்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. தகடு விலகியதும் முதலில் வந்தது வாடைதான். பழைய பினாயிலும் புளித்த மாவும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும் ஒரு காரம். பக்கெட்டுகள் எட்டாத மூலையில் மாவு அடை அடையாக இறுகியிருந்தது. மாவின் நிறத்தில் இருக்கவேண்டியது இளஞ்சிவப்பாகக் கிடந்தது. டார்ச் வெளிச்சம் பட்டதும் அந்த அடையின் மேற்புறம் அசைந்தது. செம்பழுப்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீள வண்டுகள் தலையைத் தாழ்த்திக்கொண்டு இருட்டுப் பக்கம் ஓடின. அண்ணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இது மேலதானுங்களே மேடம் தெனமும் தானியம் ஓடுச்சு" என்றார். இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. நான் அந்த ஆத்தூர்க் குழந்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செம்மாவு வண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான், டிரிபோலியம் காஸ்டேனியம். முழுத் தானியத்தைக் கடித்துத் துளைக்கும் வலு இதற்கு இல்லை. உடைசல், குருணை, தூசி, மாவு, இவைதான் இதன் உலகம். பெண் வண்டு ஒன்று தன் வாழ்நாளில் 300, 400 முட்டைகள் இடும், ஒரு வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். முட்டை பிசுபிசுப்பானது. மாவுத் துகள் ஒட்டிக்கொண்டால் அதுவும் ஒரு துகளாகவே தெரியும். நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சத்துமாவுக்குப் போடுகிற சல்லடையில் தாராளமாக இறங்கிவிடும், அதை நிறுத்தும் நைசான சல்லடையைப் போட்டால் மாவே இறங்காது. கூட்டம் பெருகும்போது இந்த வண்டுகள் குயினோன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அந்த வாடையும் இளஞ்சிவப்பும் அதனால்தான். அப்படிப்பட்ட மாவைச் சலித்து வண்டை எடுத்துவிட்டாலும் சுரந்தது மாவிலேயே நிற்கும்.

அன்று அந்தப் பெட்டியிலிருந்து அள்ளியது இரண்டு பக்கெட் இருக்கும். கேழ்வரகும் பயறும் நாங்கள் காசு கொடுத்து வாங்கியவை. வறுத்து, ஆற்றி, அந்த வண்டுகளுக்குத் தவறாமல் படியளந்திருக்கிறோம்.

இதையெல்லாம் எழுதும்போது அம்மா ஞாபகம் வராமல் இருக்காது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் ஒரு பருப்பு மண்டியில் அம்மா 20 வருடத்துக்கு மேல் புடைக்கிற வேலை பார்த்தார். பள்ளி விட்டு நான் நேரே மண்டிக்குத்தான் போவேன். மூட்டை வந்து இறங்கினால் வியாபாரிகள் குத்தூசியால் குத்தி உள்ளங்கையில் சரித்துப் பார்ப்பார்கள். அம்மா சாக்கின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். "உள்ள சூடு இருக்குது பாப்பா, உசுரு நடமாடுது" என்பார். மதியம் லோடு அடங்கி மண்டி அமைதியான நேரத்தில் கோதுமை மூட்டையில் காதை வைத்துக் கேட்கச் சொல்வார். நிஜமாகவே கேட்கும். உலர்ந்த இலையை யாரோ மெதுவாகக் கசக்குகிற மாதிரி ஒரு நறநறப்பு. பூச்சி பெருகிய மூட்டையில் அவற்றின் மூச்சாலேயே சூடும் ஈரமும் ஏறும், அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதை நான் கல்லூரியில் படித்தது அதற்கு ரொம்ப வருடம் கழித்து.

அம்மா பூச்சியை இரண்டாகத்தான் பிரிப்பார்: உள்ளே இருப்பது, வெளியே இருப்பது. புத்தகத்தில் இருக்கும் எந்த வகைப்பாட்டையும்விட வேலைக்கு இதுதான் உதவுகிறது. அரிசி வண்டு உள்ளே இருக்கும் ரகம். நீண்ட மூக்கால் தானியத்தில் குழி தோண்டி, முட்டையை வைத்து, பசை மாதிரி ஒன்றால் அடைத்துவிடும். புழு தானியத்தைத் தின்றபடி உள்ளேயே வளரும். நாலைந்து வாரம் கழித்து வண்டு வெளியே வரும்வரை அரிசி பார்வைக்கு நல்ல அரிசிதான், புடைத்தாலும் போகாது. மாவு வண்டும் அரிசி அந்துப்பூச்சியும் வெளியே இருக்கும் ரகம், இவை சுத்தத்துக்குக் கட்டுப்படும். முதல் ரகத்துக்கு வாங்கும்போதே கண் வேண்டும். இரண்டாவதற்குத் துடைப்பம் வேண்டும்.

பயறு வண்டை அம்மா காட்டிக்கொடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு பாசிப்பயறை எடுத்து என் நகத்தின்மேல் வைத்தார். பச்சைத் தோலில் ஊசிமுனைச் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளிகள். "இது முட்டை. காட்டுலயே வெச்சுட்டு வந்திருச்சு" என்றார். இன்னொரு பயறை வெளிச்சத்தில் திருப்பினார். தோலில் வட்டமாக மங்கலாக ஒரு ஜன்னல். உள்ளே புழு சதையைத் தின்று முடித்து, தோலை மட்டும் மெல்லிய மூடியாக விட்டுவைத்திருக்கிறது. வெளியே வருகிற வண்டு அதைத் தள்ளித் திறந்துகொண்டு வரும். காய் காய்ந்து நிற்கும்போதே வயலில் முட்டை ஒட்டிவிடுவதால், குடோனை எவ்வளவு துடைத்து வைத்தாலும் இது பயறோடு கூடவே வந்து இறங்கிவிடும். அதனால்தான் நம் ஊரில் துவரையைச் சீக்கிரம் பருப்பாக உடைத்துவிடுகிறார்கள். உடைத்த பருப்பில் இதன் தொல்லை வெகுவாகக் குறையும். விதைக்கு வைக்கும் துவரையில் செம்மண் பூசுவதும், விளக்கெண்ணெய் புரட்டி வைப்பதும், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பரப்புவதும் வேலை செய்கிற வழிகளே. எண்ணெய் முட்டையின் மூச்சை அடைத்துவிடுகிறது. வேப்பிலைக்கும் வசம்புக்கும் அவ்வளவு வலு இல்லை என்பது என் அனுபவம். வருவதைத் தாமதப்படுத்தும், வந்துவிட்டதைக் கொல்லாது.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சேலத்தில் மருந்து போடுவது என்றாலே மாத்திரை போடுவதுதான். அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பின் வாயுவை விடும். தானியத்தின் உள்ளே இருக்கும் புழுவையும் எட்டிக் கொல்வது இதன் பலம். நான் இதற்கு எதிரி இல்லை, தேவைப்படும்போது நாங்களும் உரிமம் உள்ள ஆட்களை வைத்துப் போடுகிறோம். ஆனால் போடுகிற முறை என்று ஒன்று இருக்கிறது. மூட்டை அடுக்கை, அதாவது அட்டியை, தார்ப்பாயால் முழுக்க மூடி, ஓரமெல்லாம் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அழுத்தி, நம் ஊர்ச் சூட்டிலும் குறைந்தது ஐந்து நாள், ஏழு நாள் திறக்காமல் விடவேண்டும். வண்டும் புழுவும் சீக்கிரம் சாகும். முட்டையும் கூட்டுப்புழுவும்தான் தாக்குப்பிடிக்கும். எங்கள் பழைய ஒப்பந்தக்காரர் வெள்ளி மாலை மூடி, ஞாயிறு மாலை திறந்தார். தார்ப்பாயில் கை நுழையும் கிழிசல் இருந்தது. இப்படி அரைகுறையாக வாயு காட்டினால் பிழைப்பவை எவை? அந்த வாயுவைத் தாங்கக்கூடியவை மட்டும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1972-73-லேயே பல நாடுகளில் பூச்சிகளைச் சோதித்து, பாஸ்பினுக்கு எதிர்ப்பு உருவாகியிருப்பதைப் பதிவு செய்தது. மாவு வண்டும், தானியத்தைத் துளைக்கும் சின்னத் துளைப்பானும் இந்தியாவில் இன்று நன்றாகவே எதிர்ப்பைக் காட்டுகின்றன. கைவசம் இருக்கும் மலிவான, கடைசி வழியை நாமே மழுங்கடித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, இந்த வாயு தார்ப்பாயைத் திறந்ததும் போய்விடும், தானியத்தில் தங்கிக் காவல் இருக்காது. மறுநாளே எலிவேட்டர் பெட்டியிலிருந்து ஒரு வண்டு பறந்துபோய் அந்த அட்டியில் உட்கார்ந்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தெரிந்த கடைக்காரர், மண்டியில் வேலை செய்யும் சொந்தக்காரர் என்று யார் கொடுத்தாலும் அரிசி மூட்டைக்குள் வைக்க அந்த மாத்திரையை வாங்காதீர்கள். வீட்டு உபயோகத்துக்கு அதைச் சட்டமே அனுமதிக்கவில்லை. பாஸ்பின் காற்றைவிடச் சற்றே கனம். கதவிடுக்கு வழியாக, சுவர் ஓட்டை வழியாகப் பக்கத்து அறையில் தூங்குகிறவர்களிடம் போய்விடும். இதற்கென்று முறிவு மருந்து கிடையாது. பூண்டு வாடை, கார்பைடு வாடை அடித்தால் ஜன்னலைத் திறக்க நிற்காமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே போங்கள். ஐந்து பத்து கிலோ அரிசி, பருப்புக்கு ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்தாலே போதும், முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். பிறகு ஈரமில்லாத டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள்.

திரும்ப ஆலைக்கு வருகிறேன். எலிவேட்டரைக் கண்டுபிடித்த பிறகு எங்கே போனாலும் என் கண் மூலைகளுக்குத்தான் போகிறது. சேலத்தைச் சுற்றி சேகோ ஆலைகள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஆலையில்கூட இனிப்பு கொடுத்தார்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்து பால் எடுத்த பிறகு நார்ச்சக்கை மிஞ்சும், திப்பி என்பார்கள். மாட்டுத்தீவனத்துக்குப் போகும். களத்தில் காயவைத்து மூட்டை பிடித்து, விலை வரும்வரை ஏதோ ஒரு கொட்டகையில் கிடக்கும். ஜவ்வரிசி குடோனுக்குக் கொடுக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் கொட்டகைக்குக் கிடைப்பதில்லை. பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

அந்தத் திப்பியில் நான் பார்த்த வண்டு ஒன்றை அடுத்து ஏற்காட்டில் பார்த்தேன். நாலு ஏக்கரில் காபி போட்டிருக்கும் எங்கள் தூரத்துச் சித்தப்பா, விலை ஏறட்டும் என்று செர்ரி காபியை, அதாவது பழத்தோடு காயவைத்த காபியை, மழைக்காலம் தாண்டி வைத்திருந்தார். "கொட்டையில ஓட்டை விழுகுதும்மா, காய்த்துளைப்பானா இருக்குமா?" என்று போன் செய்தார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். காய்த்துளைப்பான் தோட்டத்துப் பூச்சி. 1990-ல் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதலில் தென்பட்டது. காயின் முனைக் கொப்பூழில் ஊசிக்குத்து மாதிரித்தான் துளை போடும். இங்கே ஓட்டை பெரியதாக, கண்ட இடத்தில் இருந்தது. சாக்கை உதறியதும் சாம்பல் பழுப்பில் திட்டுத் திட்டாக மஞ்சள் மயிர் போர்த்திய வண்டு ஒன்று விழுந்தது. விரலை நீட்டியதும் துள்ளியது. காபிக்கொட்டை வண்டு, அரேசெரஸ். பெயர்தான் காபி. காய்ந்த மரவள்ளி, ஜாதிக்காய், மக்காச்சோளம் என்று எதையும் விடாது. ஒரே நிபந்தனை, அதற்கு ஈரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த சரக்கில், காய்ந்த காற்றில் அதனால் பெருக முடியாது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். களத்தில் எவ்வளவு காயவைத்தாலும் மூடுபனியில் காபி மறுபடி ஈரம் குடிக்கும். காபியைப் பதப்படுத்தும் ஆலைகளை அந்தக் காலத்திலிருந்தே சமவெளியில் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். நான் கொண்டுபோன ஈரமானியைச் சித்தப்பாவின் சரக்கில் வைத்தால் 13.5 சதவீதம் காட்டியது. 11-க்குள் இருக்கவேண்டியது. மூட்டைகள் வெறும் சிமென்ட் தரையில், சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தன. சாக்கு எங்கே வாங்கினீர்கள் சித்தப்பா என்றேன். "கீழ டவுன்ல பழைய சாக்கும்மா, பாதி வெல." மூலையில் பயன்படுத்தாமல் மடித்து வைத்திருந்த சாக்குகளை வெள்ளைத் துணிமேல் உதறினோம். தையல் மடிப்பிலிருந்து கிழங்குத் தூளும் அதோடு அதே வண்டுகள் நாலும் விழுந்தன. மலையடிவாரத்தில் கிழங்கு தின்றவை, பாதி விலைச் சாக்கில் மலையேறி வந்திருக்கின்றன. சித்தப்பா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே மொத்தச் சரக்கையும் வெயில் கிடைத்த மட்டும் காயப்போட்டு, லாரி பிடித்து கீழே இறக்கினோம். விலையில் கணிசமாக அடிபட்டது.

பூச்சி விழுந்த சரக்கைப் புடைத்துச் சலித்து விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் நம் தொழிலில் உண்டு, அவர்களோடு எனக்குச் சமாதானம் கிடையாது. வண்டு போகும், அதன் கழிவு போகாது. கழிவிலுள்ள யூரிக் அமிலத்தை அளந்தால் தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் தானியத்துக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. சலித்த கோதுமை கண்ணை ஏமாற்றும், அந்தச் சோதனையை ஏமாற்றாது.

இப்போது எங்கள் ஆலையில் அந்த எலிவேட்டர் அடிப்பெட்டியின் ஆறு போல்ட்டுகளும் இல்லை. கையால் திருகும் பிடிகள் போட்டுவிட்டோம். கருவி தேடவேண்டும் என்றால் யாரும் திறக்கமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் பெட்டி திறந்தாகவேண்டும், உள்ளே டார்ச் அடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பியாகவேண்டும். கம்ப்ரஸர் காற்று அடிப்பதை நிறுத்திவிட்டேன். அது தூசியை ஒரு மூலையிலிருந்து எடுத்து எட்டாத உயரத்துக் கம்பிமேல் வைக்கிறது. உறிஞ்சும் வாக்குவம் மட்டும்தான். உறிஞ்சியதை அன்று மாலைக்குள் ஆலையை விட்டு வெளியேற்றுகிறோம். பழைய சாக்கு உள்ளே வராது. மூட்டைகள் கட்டைமேல், சுவரிலிருந்து ஓர் ஆள் துடைப்பத்தோடு நடக்கும் அளவு தள்ளி. முதலில் வந்தது முதலில் போகும்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த குழாய்ப் பொறி பத்து வாங்கினோம். பக்கமெல்லாம் 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட குழாய், அடியில் ஒரு கூம்பு. தானியத்துக்குள் செருகிவைத்தால் காற்றைத் தேடி அலைகிற வண்டு ஓட்டை வழியாக நுழைந்து கூம்பில் விழும், ஏறி வரமுடியாது. குத்தூசிக்கு அகப்படாததெல்லாம் இதில் அகப்படுகிறது. குடோன் மூலைகளிலும் ஆலைக்குள்ளும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் புற ஊதா விளக்குப் பொறிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு எண், ஒவ்வொரு திங்களும் ஒரு எண்ணிக்கை. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் எங்கள் பேக்கிங் அக்கா ஒருவர்தான் எண்ணுகிறார். வண்டுகளை இனம் பிரிப்பதில் இப்போது என்னைவிடத் தேர்ந்தவர். மூக்கு நீண்டது, தட்டையானது, உருண்டையானது என்று மூன்று பத்தி போட்டு எழுதுவார். மஞ்சள் மூட்டைகள் இருக்கும் அறைக்கு மட்டும் நாலாவது பத்தி. விரலி மஞ்சளில் குண்டூசித் துளை போடும் சிகரெட் வண்டுக்கு.

போன வாரம் ஏழாம் எண் பொறியில் தட்டையானது, அதாவது மாவு வண்டு, இரண்டு. அதற்கு முந்தைய வாரம் ஒன்று, அதற்கு முன் பூஜ்யம். அது ஆற்றும் தொட்டிக்கு மேலே இருக்கும் பொறி. அக்கா இரண்டைச் சிவப்பு மையால் எழுதியிருந்தார். இன்று மாலை ஃபிட்டர் அண்ணன் தொட்டிக்குப் பின்னால் போகும் வயர் குழாயின் மூடியைக் கழற்றினார். உள்ளே கைப்பிடி அளவு மாவு.